சுகந்தி இரந்த ஏழாம் நாள்

நாவலைப் படித்து யாரும் பயப்படவில்லை. அதனால் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

கடிதம் அச்சத் துறையிலிருந்து வந்திருந்தது. முன்பு அது அச்சுத் துறை. ஒரு மழைக்காலத்தில் பலகையிலிருந்த சு-வின் வால் உதிர்ந்துவிட்டது. பலகையை மாற்ற மேலிடத்தில் அனுமதி கிடைக்கவில்லை. துறையை மாற்ற அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து புத்தகங்களில் பயம் சொன்ன அளவுக்கு இருக்கிறதா என்று அவர்கள்தான் பார்க்கிறார்கள்.

நான் மெய்ப்புத் திருத்துபவன். புத்தகம் அச்சாகும் முன் எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக் கொடுப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். எனவே யாரையும் நம்புவதில்லை. ஒற்று எங்கே மிகும் என்று தெரியாத ஒருவன் வேறு எதைச் சரியாகச் சொல்லிவிடப் போகிறான்? என் பெயர் அறவாழி.

நாவலின் பெயர் ‘சுகந்தி திரும்பினாள்’. எழுதியவர் மாசிலாமணி. பதிப்பாளர் ஜம்புலிங்கம் ஆறு மாதம் விளம்பரம் செய்தார். இதயம் பலவீனமானவர்கள் அட்டையைக்கூடத் தொட வேண்டாம் என்று சுவரொட்டி ஒட்டினார். வெளியீட்டு விழா நடந்த மண்டபத்துக்கு வெளியே ஓர் ஆம்புலன்சைக் கொண்டுவந்து நிறுத்தினார். டிரைவர் சும்மா இருக்கிற நேரத்தில் முதல் நான்கு அத்தியாயங்களைப் படித்தார். பிறகு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். குறட்டை மேடை வரைக்கும் கேட்டது.

எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று வாசகர்கள் எழுதினார்கள். அத்தனை பேரும் அதே வார்த்தைகளில் எழுதியது எனக்குச் சந்தேகமாக இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். படித்து முடித்ததும் மனசு கேட்கவில்லை, ஒரு கிண்ணத்தில் புளிக்குழம்பு எடுத்து வாசலில் வைத்தேன், இதை ஏன் பேய் நாவல் என்று போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

அதே வாரத்தில்தான் அந்தப் பெண்ணும் வர ஆரம்பித்தாள். புத்தகம் வெளியான மறுநாளிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு என் கதவைத் தட்டினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நீலப் புடவை. முதல் நாள் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டாள். மறுநாள் ஊசியும் நூலும். அப்புறம் போன வருடக் காலண்டர்.

“எந்த வீடும்மா நீ?”

“பக்கந்தான் சார்.”

எனக்குப் பக்கத்து வீடே கிடையாது. ஒரு பக்கம் படிக்கட்டு. இன்னொரு பக்கம் ஆகாயம். வேவு பார்க்க வந்தவள் என்று முடிவு கட்டினேன். கேட்டதைக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே கொடுத்தேன்.

விசாரணை நாள் அவள் வந்த கணக்கில் ஏழாம் நாள். அவள் தட்டுவதற்கு முன்பே பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

துறையின் வாசலில் காவலர் ஒரு படிவத்தை நீட்டினார்.

“வந்திருக்கீங்கங்கிறதுக்கு சான்று வேணும்.”

“அதான் நானே வந்திருக்கேனே.”

“அத நீங்களே சொல்லிக்கிட்டா எப்படி சார்? ரெண்டு சாட்சி போடுங்க.”

எனக்குப் பின்னால் நின்றவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது சாட்சிக்கு இடது கையால் போட்டார். அவரை நான் முன்பின் பார்த்ததில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை, வேறெங்கோ பார்த்துக்கொண்டே போட்டார். காவலருக்குத் திருப்தி. படிவத்தில் ‘இருப்புச் சான்று’ என்பதில் ச் விட்டுப்போயிருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

என்னை ஆறாம் அறைக்குப் போகச் சொன்னார்கள். தாழ்வாரம் நீளமாக இருந்தது. இவ்வளவு நீளம் தேவையா என்று சந்தேகப்பட்டேன். உடனே இன்னும் நீண்டது. சந்தேகப்படாமல் நடப்பவர்கள் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்களாம். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஐந்தாம் அறைக்கும் ஆறாம் அறைக்கும் நடுவில் ஒரு பஸ் நிறுத்தமே இருந்தது. பஸ் வந்தது. நான் ஏறவில்லை. எதற்கு வம்பு?

ஆறாம் அறைக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

“ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?”

“சித்திரையில இருந்து.”

சொல்லிக்கொண்டே அவர் ஸ்டூலாகிவிட்டார். வேறு இருக்கை இல்லாததால் அதில் உட்கார்ந்தேன். மரியாதைக்காக விளிம்பில் மட்டும் உட்கார்ந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரியின் பெயர் எஸ்தர். மேஜைக்கு இந்தப் பக்கம் பதிப்பாளர் ஜம்புலிங்கம் ஏற்கெனவே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். குற்றம் செய்யாதவர் எதற்கு முறுக்குத் தின்ன வேண்டும்? மனத்தில் குறித்துக்கொண்டேன்.

“பைய காட்டுங்க” என்றார் எஸ்தர் மேடம்.

தயிர்சாத டப்பா. ஒரு சிவப்புப் பேனா. ஒரு கைக்குட்டை. மேடம் கைக்குட்டையை உதறிப் பார்த்தார். டப்பாவைத் திறந்து முகர்ந்தார்.

“முந்நூறு பக்கத்துக்கு பயம் இருக்குன்னு பதிவு பண்ணியிருக்காங்க. புத்தகத்துல ஒரு சொட்டு இல்ல. எங்க போச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும் மேடம்?”

“கடைசியா புத்தகத்த பாத்தது நீங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்களா?”

“எத? பயத்தையா?”

“பின்ன, தயிர்சாதத்தையா கேக்குறேன்?”

ஜம்புலிங்கம் முறுக்கை நிறுத்தினார். “நம்பி வேலை குடுத்தேன் மேடம்” என்றார். அவர் என்னை நம்பியதே இல்லை. நானும் அவரை நம்பியதில்லை. அப்படித்தான் இத்தனை வருடம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

மேடம் நாவலைப் பிரித்தார். நாற்பத்தோராம் பக்கம். சத்தமாகப் படித்தார்.

“‘சுகந்தி இரந்து ஏழு நாள் ஆயிற்று. வாசலில் சத்தம் கேட்டது. இரந்தவள் கதவைத் தட்டினாள்.’” கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “இரந்தவ கதவ தட்டத்தானே சார் செய்வா? இதுல பயப்பட என்ன இருக்கு?”

புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். சின்ன ர. பெரிய ற இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ர. பெரிய ற போட்டால் செத்துப்போனவள். சின்ன ர போட்டால் கையேந்திக் கேட்பவள். அடுத்த பக்கத்திலும் சின்ன ர. அதற்கடுத்த பக்கத்திலும்.

“நூத்திப் பதினேழு இடம்” என்றார் மேடம். “எண்ணிட்டோம்.”

“நான் திருத்தினேன் மேடம். மூணு தடவ திருத்தினேன்.”

உண்மை. முதல் மெய்ப்பில் எல்லாம் சின்ன ர-வாக இருந்தது. நூற்றுப் பதினேழையும் பெரிய ற ஆக்கினேன். இரண்டாம் மெய்ப்பில் எல்லாம் சின்ன ர-வாகத் திரும்பி வந்தது. மறுபடி திருத்தினேன். மூன்றாவதிலும் அப்படியே. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் அனுப்பினேன். யாரோ எனக்குப் பின்னால் வந்து என் வேலையை அழித்திருக்கிறார்கள். மெஷின்மேன்மேல் சந்தேகம் வந்தது. ஜம்புலிங்கம்மேல் வந்தது. ஒரு கணம் என்மேலேயே வந்தது.

கை பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் முதல் ‘இரந்து’வைச் சுழித்தேன். ஓரத்தில் ற போட்டேன்.

அறை சில்லிட்டது. மின்விசிறி நின்றது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டே வந்த பேச்சு பாதியில் அறுந்தது. ஜம்புலிங்கத்தின் கையிலிருந்து முறுக்கு விழுந்தது.

“ஆத்தாடி! பயமா இருக்கு மேடம்!” அவர் முகமெல்லாம் சந்தோஷம்.

“மணி பதினொன்றர. குறிச்சுக்கோங்க” என்றார் மேடம். “ஒரு எழுத்துக்கே இவ்வளவு வருது பாருங்க.”

மின்விசிறி மறுபடி சுற்றியது. மேடம் ஓர் இளஞ்சிவப்புத் தாளை என் பக்கம் தள்ளினார். பிழைதிருத்தத் தாள். ‘நூலில் இரந்து என வரும் இடங்களிலெல்லாம் இறந்து எனத் திருத்திப் படிக்கவும்.’ கீழே என் கையெழுத்துக்கு இடம்.

“அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடுங்க. அத்தன பிரதியிலயும் ஒட்டிருவோம். பயம் திரும்ப வந்துரும். கேஸ் முடிஞ்சுது.”

“போடலன்னா?”

“உங்ககிட்ட இருக்கற பெரிய ற-வ பறிமுதல் பண்ணிருவோம். அப்புறம் நீங்க எழுதினாலும் பேசினாலும் சின்ன ர-தான் வரும். படிச்சாலும் அதான் தெரியும்.”

ற இல்லாதவனுக்கு யார் மெய்ப்புக் கொடுப்பார்கள்? எனக்கு வேறு தொழில் தெரியாது. வேறு எந்தப் பெருமையும் கிடையாது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

ஆனால் மூடினேன். யார் அழித்தது என்று தெரியாமல் போடுவதற்கு மனம் ஒப்பவில்லை.

“ஆள கண்டுபிடிச்சுட்டு வந்து போடுறேன்.”

“உங்க பேனாவாலதான் போடணும். தொலச்சிராதீங்க” என்றார் மேடம்.

மெஷின்மேனைத் தேடிப் போனேன். தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. ஒன்பதாம் அறையில் ‘ஆசிரியர்கள் காத்திருக்கும் இடம்’ என்று எழுதியிருந்தது. எட்டிப் பார்த்தேன். மாசிலாமணி மட்டும் இருந்தார். அவர் எதிரே நீண்ட மேஜை. மேஜையில் கறிவேப்பிலை, அரிசி, தீப்பெட்டி, சீப்பு, ஊசி நூல், தைலம், குழந்தைகள் பென்சில், பழைய சாவிகள் எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்தார். கடை போட்டிருக்கிறாரோ என்று நினைத்தேன்.

“வாங்க அறவாழி சார். தேடிட்டு வருவீங்கன்னு தெரியும்.”

“நீங்களா?”

“நானேதான். ஒவ்வொரு ப்ரூஃபும் நீங்க முடிச்சப்புறம் மெஷின்மேனுக்கு டீ வாங்கிக் குடுத்து, அந்த கேப்புல மாத்திட்டேன்.”

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. காது குத்துகிறாரோ என்று பார்த்தேன். காது குத்துபவர் முகம் இப்படி இருக்காது.

“எதுக்கு சார்? உங்க நாவலுக்கே வேட்டு வச்சுட்டீங்களே.”

“சுகந்தி என் வீட்டுக்காரி. தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“நாலு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியில ஒரு ஃபாரம் நீட்டினாங்க. எழுதுங்கன்னாங்க. எழுதினேன். சின்ன ர-தான் வந்துச்சு. கை அப்படித்தான் போச்சு சார். நான் என்ன செய்ய? அங்க ஒருத்தர் அத வாங்கிப் பாத்துட்டு, அடிச்சுட்டு, பெரிய ற போட்டாரு.” மேஜையிலிருந்த சீப்பை எடுத்து நேராக வைத்தார். “அதுவரைக்கும் பேசிட்டுதான் இருந்தா.”

திருத்தியவர் தன் வேலையைத்தான் செய்திருக்கிறார். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். மூன்று முறை செய்தும் இருக்கிறேன்.

“பேய் நாவல்னா செத்தவங்க வேணுமே சார்.”

“ஆமா” என்றார். “அதான் நாவல் நல்லா வரல.”

“அப்போ தினம் என் கதவத் தட்டறது…”

“உங்க வீட்டுக்கு வர்றாளா?” எழுந்துவிட்டார். “எப்படி இருக்கா? மூச்சு வாங்குதா?”

“நல்லாத்தான் இருக்காங்க. கறிவேப்பிலை கேட்டாங்க.”

“எல்லார் வீட்டுக்கும் போறாளாம். என் வீட்டுக்கு மட்டும் வரல. அவளுக்கு என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் நான் முன்னாடியே எடுத்து வச்சிடறேன்ல. கேக்க ஒண்ணும் மிச்சம் இல்ல போல.” மேஜையைக் காட்டினார். “எது விட்டுப்போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க சார். உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்.”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தாறு வருட நல்ல பெயரை டீயில் கரைத்தவர்மேல் கோபம் வராமல் இருக்குமா? பிறகு இன்னொன்று வந்தது. துக்கம். அதையும் முதலில் சந்தேகப்பட்டேன். அது போகவில்லை.

“பிழைதிருத்தத் தாள் ஒட்டப் போறாங்க” என்றேன். “நான் கையெழுத்துப் போடணும்.”

அவர் உட்கார்ந்தார். போடாதீர்கள் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் போட்டிருப்பேன், யாராவது சொல்லி நான் எதையும் விட்டதில்லை.

“உங்க வேலைய நீங்க பாருங்க சார்” என்றார் மாசிலாமணி.

ஆறாம் அறைக்குத் திரும்பினேன். இந்த முறை தாழ்வாரம் பத்தடிதான் இருந்தது. அவ்வளவு சீக்கிரம் போக எனக்கு இஷ்டமில்லை.

சுகந்தி உள்ளே இருந்தாள். அதே நீலப் புடவை. எஸ்தர் மேடத்தின் மேஜையில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். மேடம் ஸ்டேப்ளரைக் கொடுத்திருந்தார். ஜம்புலிங்கம் மிச்ச முறுக்கைக் கொடுத்திருந்தார். அவர்களுக்கு ஏன் கொடுத்தோம் என்று தெரியவில்லை. சுகந்தி எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கையில் சுண்டுவிரல் இல்லை. காயமும் இல்லை. விரல் இருந்த இடம் வழவழவென்றிருந்தது.

“அட சார், நீங்களா! காலையில வந்தேன், பூட்டியிருந்துச்சு.”

“விரல் என்னம்மா ஆச்சு?”

“தெரியல சார். காலையில இருந்துச்சு. பதினொன்றர மணி வாக்குல பேசிக்கிட்டே வரேன், திடீர்னு என்ன பேசினோம்னே மறந்துபோச்சு. பாத்தா விரலக் காணோம்.”

சுழித்தது நான். ஒரே ஓர் இடத்தில். இன்னும் நூற்றுப் பதினாறு இடங்கள் இருந்தன.

“டயம் ஆவுது சார்” என்றார் மேடம். சுவரில் மணி ஐந்தடிக்க ஒரு நிமிடம். “ஆள் கிடைச்சாச்சா?”

“கிடைக்கல.” நான் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

“பரவாயில்ல. போடுங்க கையெழுத்த.”

தாளை இழுத்து வைத்துக்கொண்டேன். அதில் ஒரு பிழையும் இல்லை. சுத்தமான தாள். பேனா மூடியைக் கழற்றினேன்.

சுகந்தி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சார், அந்தப் பேனாவ குடுங்களேன்.”

“எதுக்கும்மா?”

“சும்மாதான். வேணும்போல இருக்கு.”

அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தேகப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அவளுக்குப் பேனா வேண்டும், அவ்வளவுதான். கொடுத்தேன். அன்றைக்கு முறைக்கவில்லை.

“சார், என்ன பண்றீங்க? திருப்பி வாங்குங்க!”

“குடுத்தத எப்படி மேடம் வாங்கறது?”

மணி ஐந்து அடித்தது. மேடம் பெருமூச்சு விட்டார். இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன இடுக்கியை எடுத்தார். வாயைத் திறக்கச் சொன்னார். மேலண்ணத்தில் ஏதோ சுருக்கென்றது. ஒரு கவரில் போட்டு நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினார். ரசீது எழுதிக் கொடுத்தார்.

ரசீதைப் படித்தேன். ‘வல்லின ர, ஒன்ரு. உபயோகத்தில் தேய்ந்திருக்கிரது’ என்ரு எழுதியிருந்தது. எந்தப் பிழையும் தென்படவில்லை.

“இனிமே உங்களுக்கு யாரு சார் ப்ரூஃப் குடுப்பா?” என்ரார் ஜம்புலிங்கம். அவர் குரல் உண்மையாகவே கம்மியிருந்தது. யாரும் கொடுக்க மாட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. நின்ர இடத்திலேயே அழுதேன். சுகந்தி கைக்குட்டை வேண்டும் என்ராள். கண்ணைத் துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

வெளியே மழை தூரிக்கொண்டிருந்தது. சுகந்தி எனக்கு முன்னால் போனாள். யாரிடமோ கேட்டு வாங்கிய குடை அவள் கையில் இருந்தது. மாசிலாமணி வாசலுக்கு அந்தப் பக்கம் நனைந்துகொண்டு நின்ரார். அவளைப் பார்த்ததும் பைகளில் கையை விட்டுத் தேடினார். கொடுக்க எதுவும் இல்லை. எல்லாவர்ரையும் மேஜையில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

சுகந்தி அவரிடம் போனாள்.

“சார், இந்தக் குடைய கொஞ்ச நேரம் புடிக்கிரீங்களா? கொசுவம் நழுவுது.”

அவர் இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டார். அவள் ஸ்டேப்ளரையும் முருக்கையும் என் பேனாவையும் இடுப்பில் செருகிக்கொண்டு கொசுவத்தைச் சரிசெய்தாள். சரிசெய்த பிரகும் அவள் குடையைத் திருப்பிக் கேட்கவில்லை.

இருவரும் ஒரே குடையில் தெருவைத் தாண்டினார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்ரேன். பிழைத்துப் போகட்டும் என்ரு விட்டுவிட்டேன்.